காதறுத்தான் தீவின் இரண்டு பொய்கள்

படகில் பெண் ஏறக்கூடாது. ஆழ்கடலுக்குப் போகிற படகில் ஏறவே கூடாது. லீமா ஏறினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

துறைமுகத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் காறித் துப்பினான். படகின் முன்பக்கம் உட்கார்ந்து தூண்டில் முட்களின் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்த ததேயுஸ் எழுந்து வந்தான். படகின் சொந்தக்காரன் அவன்தான், ஓட்டுபவனும் அவன்தான். கதவை அடைத்து நிற்கிற அளவுக்கு உடம்பு.

"இறங்கு பெண்ணே."

"மாட்டேன்."

"நீ துக்கத்துல இருக்க. என்ன செய்யுதோம்னு உனக்குத் தெரியல."

"எனக்கு ஏது துக்கம்? யாரு செத்தா?"

ததேயுஸ் கையில் ஒட்டிய துருவைத் தேய்த்துத் துடைத்தான்.

மூன்று நாளுக்கு முன் இந்தப் படகு ஓர் ஆள் குறைவாகக் கரைக்கு வந்தது. குறைந்த ஆள் லீமாவின் கணவன் ஜெரோம். 'காதறுத்தான் தீவுல முங்கப் போனான். சுறா இடுப்போட பிடிச்சு இழுத்துட்டுப் போச்சு. ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்' என்று ததேயுஸ் ஊர் நடுவில் நின்று சொன்னான். ஊர் அழுதது. லீமா முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் வீட்டுச் சுவரில் யாரோ மாட்டிவிட்டுப் போன ஜெரோமின் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் துறைமுகத்துக்கு வந்தாள்.

"கேளும்," என்றாள். "எங்கப்பன் குடுத்த கணிச்சம் எங்கிட்ட இருக்கு. உம்ம வீட்டுக் கணிச்சம் உம்மகிட்ட இருக்கு. ஜெரோம் என் பாதியை உம்மகிட்ட சொன்னானா?"

"இல்ல. முங்கிட்டு வந்து சொல்லுதேன்னான்."

"அப்ப என்னைக் கூட்டிட்டுப் போவும். தீவுல வச்சு என் பாதியைச் சொல்லுதேன். பெட்டியில என்ன இருந்தாலும் முழுசும் உமக்கு."

"உனக்கு என்ன வேணும்?"

"அவன் செத்ததா நீரு சொன்ன இடத்தை நான் பார்க்கணும்."

ததேயுஸின் தம்பி ரோமான்ஸ் பின்னாலிருந்து கத்தினான். "அண்ணே, பொம்பளையை ஏத்தினா இந்தப் படகு திரும்பி வராது!"

"பொம்பளை இல்லாமப் போன தடவை மட்டும் எல்லாரும் திரும்பி வந்தீங்களோ?" என்றாள் லீமா.

எஞ்சின் அறையிலிருந்து ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. எஞ்சின் பார்க்கும் சிலுவைதாசனின் சிரிப்பு.

ததேயுஸ் கடலைப் பார்த்தான். லீமாவைப் பார்த்தான். "நாளைக்குக் காலையில கிளம்பணும்," என்றான்.

கணிச்சம் என்றால் என்ன என்று கடற்கரைக்காரர்களிடம் கேட்டால் சொல்ல மாட்டார்கள். அதனால் இங்கே சொல்லிவிடுவோம். கடலில் தெருவும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. ஓர் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கக் கரையிலுள்ள அடையாளங்கள்தான் கதி. கோயில் சிலுவையும் அதற்குப் பின்னாலுள்ள மலைப்பிளவும் நேராக வந்தால் அது ஒரு கோடு. வேறு பக்கத்தில் அதேபோல இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் தூண்டிலைப் போட்டால் மீன். இதுதான் கணிச்சம். குடும்பச் சொத்து. யாரிடமும் உண்மையைச் சொல்லக்கூடாது. சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் ஓர் அடையாளத்தைக் கொஞ்சம் நகர்த்திச் சொல்ல வேண்டும். கேட்பது கூடப்பிறந்தவனாக இருந்தாலும் சரி. இதை அந்தக் கரையில் யாரும் பொய் என்று நினைப்பதில்லை. மரியாதை என்றுதான் நினைப்பார்கள்.

காதறுத்தான் தீவுக்கும் ஒரு கணிச்சம் உண்டு. பெயர் தெரியாத ஒரு பரங்கிக் கொள்ளைக்காரன், பெரிய பாய்க்கப்பலில் கரை கரையாக வந்து ஊர்களைச் சூறையாடியவன். நகையைக் கழற்ற நேரமாகும், அறுப்பது சீக்கிரம் என்று காதோடு அறுத்து எடுப்பான். அவன் இந்தக் கரையில் முங்கத் தெரிந்த இரண்டு பேரைப் பிடித்துப் போனான். தீவுக்கு நடுவிலுள்ள தண்ணீரில் பெட்டியை இறக்கவைத்தான். பிறகு அந்த இரண்டு பேரும் பீப்பாய்களைக் கட்டி மிதந்து தப்பினார்கள். ஒருவனை ஒருவன் ஏமாற்றக்கூடாது என்று ஒரு கோட்டை ஒருவனும் மறு கோட்டை மற்றவனும் வைத்துக்கொண்டார்கள். ஊர் வந்து சேர்ந்த மாதமே பகையானார்கள். ஒருவனுடைய வம்சத்தில் வந்தவள் லீமா. மற்றவனுடைய வம்சத்தில் வந்தவன் ததேயுஸ். ஏழு தலைமுறையாக இந்த வீட்டில் அந்த வீட்டார் தண்ணீர் குடித்ததில்லை.

அதை மீறியவன் ஜெரோம். கல்யாணமான புதிதில் மாமனாரின் பாருக்கு, கடலுக்கடியில் கிடக்கும் அந்தப் பாறைத் தொடருக்கு, தூண்டில் போடப் போனான். ஒன்பது வருஷம் போனான். 'உங்கப்பன் பாருல கல்லுதான் கடிக்குது' என்று அலுத்துப்போய்க் கடைசியில் ததேயுஸின் படகில் வேலைக்குச் சேர்ந்தான். ஒருநாள் மாலை லீமாவிடம் கேட்டான். "ரெண்டு பாதியும் ஒரே படகுல வந்திருக்கு ஏட்டி. தீவுக் கணிச்சத்தைச் சொல்லு."

லீமா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னாள். வாய் தானாகச் சொல்லியது. அப்பா அவளுக்கு உண்மையைச் சொல்லிக்கொடுத்தபோதே, கேட்பவர்களுக்குச் சொல்லவேண்டிய பொய்யையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். 'கேட்டா துளைப்பாறையோட இடது தோள்னு சொல்லு. அந்தப் பக்கம் தென்னந்திட்டுக்குப் பின்னால நீரோட்டம் மோசம். வள்ளத்தை உடைச்சுப் போடும். தீவோட வாயில, அந்தத் திறப்புல, நிக்கிற படகுக்கு அங்க நடக்கிறது எதுவும் தெரியாது.'

திருடனைக் கொல்வதற்காகச் செய்த பொய். அதை அவள் கணவனுக்குக் கொடுத்தாள்.

அதனால்தான் ததேயுஸ் பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஜெரோம் போன இடத்தைப் படகிலிருந்து பார்க்கவே முடியாது. சுறாவையும் யாரும் பார்க்கவில்லை, சாவையும் யாரும் பார்க்கவில்லை. போலீஸிடம் போகலாம். போனால் ததேயுஸைப் பிடித்து உள்ளே வைப்பார்கள். தீவுக்கு வழி தெரிந்த ஒரே ஆளும் போய்விடுவான்.

ஜெரோம் உயிரோடு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அவள் வாயால் வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு நாள் பயணம்.

முதல் இரண்டு நாள் லீமா வாந்தி எடுத்தாள். அவள் உட்கார்ந்த இடத்தை ரோமான்ஸ் ஒவ்வொரு முறையும் கடல்தண்ணீர் ஊற்றிக் கழுவினான். ததேயுஸ் சக்கரத்தை விட்டு நகரவில்லை. பேச்சு என்று ஒன்று இருந்தது சிலுவைதாசனிடம் மட்டும். கஞ்சி காய்ச்சுவதும் அவன் வேலைதான்.

"மைனி, கஞ்சி. கருவாடு கொஞ்சம் எண்ணெயாப் போச்சு. எஞ்சின் எண்ணெய் இல்ல, பயப்படாதீங்க."

சட்டியை வைத்துவிட்டு உடனே போய்விடுவான். அவள் கண்ணைப் பார்க்க மாட்டான். லீமா அதைக் கவனித்து வைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் ரோமான்ஸ் பொறுமை இழந்தான். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து அலையில் ஏறிக்கொண்டிருந்த நேரம், அவள் தோளைப் பிடித்து விளிம்போடு அழுத்தினான். கீழே தண்ணீர் கறுப்பாக ஓடியது.

"பாதிக் கணிச்சத்தை இங்கேயே சொல்லு. இல்ல, தள்ளிருவேன்."

"தள்ளு," என்றாள் லீமா. "கணிச்சம் சுறா வயித்துக்குள்ள போகும். அப்புறம் சுறாகிட்ட கேட்டுக்க. உங்கண்ணனுக்குத்தான் சுறாவோட நல்ல பழக்கமாச்சே!"

ரோமான்ஸின் பிடி தளரவில்லை. அவன் வயிற்றில் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தான். மீன் அறுக்கும் கத்தி. சந்தையில் அவள் பத்து வருஷமாகச் சூரை மீனின் தலையைத் துண்டாக்கிய கத்தி.

"லேய் ரோமான்ஸ், விடு!" சக்கரத்திலிருந்து ததேயுஸ் கத்தினான். "தீவு வரட்டும்!"

தீவு வரட்டும் என்று அவன் சொன்ன விதம் லீமாவுக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து கத்தியை இடுப்பை விட்டு எடுக்கவில்லை.

ஏழாம் நாள் காலை காதறுத்தான் தீவு தெரிந்தது.

படத்தில் போடுகிற தீவு இல்லை அது. தண்ணீருக்கு மேல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த பவளப்பாறை வளையம். வளையத்தின் மேல் அங்கங்கே மணல், முள்புதர், காற்று சாய்த்துப்போட்ட தென்னைகள். அலை வளையத்தில் மோதி வெடிக்கிற சத்தம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. வடக்கே ஒரு குறுகிய திறப்பு. அதுதான் வாய். பெரிய படகு உள்ளே போனால் அடி கிழியும். வெளியே நங்கூரம் போடவும் முடியாது, அடி எட்டாத ஆழம். எஞ்சினை ஓடவிட்டபடி வாயில் நின்றுகொண்டு, சின்ன வள்ளத்தைத்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

லீமா தெற்கே பார்த்தாள். அப்பா சொன்னது எல்லாம் அங்கே இருந்தது. நடுவில் ஓட்டை விழுந்த துளைப்பாறை. அதற்குப் பின்னால் தூரத்தில் முதுகு வளைந்த கூன்பாறை. மேற்கே அக்காளும் தங்கையுமாக இரட்டைப் பாறைகள். கிழக்கே பார்வையை மறைக்கிற தென்னந்திட்டு.

"ஜெரோம் எங்க செத்தான்?" என்று கேட்டாள்.

ததேயுஸ் கையை நீட்டினான். "அந்த நடுத்தண்ணியில. இங்க நின்னுதான் பார்த்தேன்."

"அவன் அங்க போகல."

"நான் பார்த்தேங்கேன்!"

"அவன் தென்னந்திட்டுக்குப் பின்னால போனான். நான்தான் அனுப்பினேன். அவனுக்கு நான் சொன்னது பொய்க் கணிச்சம்."

ததேயுஸ் அவளை ஒரு புதுப்பிராணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"கட்டின புருஷன்கிட்டயா?"

"ஆமா. நீரு அவன்கிட்ட சொன்ன உம்ம பாதி? அது உண்மையோ?"

ததேயுஸ் சக்கரத்தின் பக்கம் திரும்பினான்.

"உண்மையான்னு கேட்டேன்!"

"சொல்லு அண்ணே," என்று எஞ்சின் அறை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. சிலுவைதாசன் நின்றிருந்தான். "நாம ஒண்ணும் பார்க்கல மைனி. சுறாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மழை வந்து மறைச்சிச்சு. வள்ளத்தைக் காணல. படகு பாறையில இடிச்சிரும்னு பயந்து திருப்பிட்டோம். ஒரு மணி நேரம்கூட நிக்கல. ஆளை விட்டுட்டு வந்தோம்னு ஊருல எப்படிச் சொல்லுவோம்? அதான்..."

ரோமான்ஸ் அவனை ஓங்கி அறைந்தான். சிலுவைதாசன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "அடி. பரவால்ல. சொல்லியாச்சு," என்றான்.

லீமா ததேயுஸின் முகத்துக்கு நேரே நின்றாள். "எனக்கு உம்ம உண்மை வேண்டாம். நீரு சொன்ன பொய்யைச் சொல்லும். என் பொய்யும் உம்ம பொய்யும் எங்க வெட்டுதோ அங்கதான் அவன் இருக்கான்."

"பொய்யைச் சொன்னா உண்மையை நீ யூகிச்சிருவ."

"ஓய், நீரு மனுஷனா?"

ததேயுஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அக்காளுக்கும் தங்கைக்கும் நடுவுல ஒரு வள்ளம் போகிற இடைவெளி தெரியணும். அப்படித்தான் சொன்னேன்."

"என்னுது, துளைப்பாறையோட இடது தோளுல கூன்பாறை உட்காரணும்."

ஏழு தலைமுறையில் முதல்முறையாக அந்த இரண்டு குடும்பமும் ஒன்றுக்கொன்று உண்மை பேசியது. பேசியது இரண்டும் பொய்க் கணிச்சங்கள்.

வள்ளத்தில் லீமாவும் ததேயுஸும் போனார்கள். ஒருவரைத் தனியாக அனுப்ப மற்றவருக்கு மனமில்லை. ரோமான்ஸ் சக்கரத்தில், சிலுவைதாசன் எஞ்சினில்.

தென்னந்திட்டைச் சுற்றியதும் தண்ணீர் மாறியது. பச்சை போய்ச் சேற்று நிறம் வந்தது. நீரோட்டம் வள்ளத்தின் மூக்கைப் பிடித்துத் திருகியது. ததேயுஸ் துடுப்பை வலித்து வலித்துத் தள்ளினான். லீமா எழுந்து நின்று அடையாளம் பார்த்தாள்.

"கூன்பாறை தோளுக்கு வருது... இன்னும் கிழக்கே... போதும்! இடைவெளி என்னாச்சு?"

"தெரியுது! ஆனா கொஞ்சம்தான்!"

"முன்னால போவும்! பாறை! வலதுல பாறை! தள்ளும்!"

வள்ளத்தின் அடி எதிலோ உரசியது. லீமா துடுப்பைப் பாறையில் ஊன்றி முழு உடம்பையும் அதன்மேல் போட்டாள். வள்ளம் விலகியது. அந்த இடத்தில் தண்ணீருக்கடியில் நீலமாக ஏதோ மினுங்கியது. பலகை. ஜெரோமின் வள்ளத்தின் பலகை. பாறைப் பல்லில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தது.

எதிரே ஒரு துண்டு மணல். நாலைந்து தென்னை, நிறையப் பறவை எச்சம். அவ்வளவுதான்.

"ஜெரோம்!"

ஒன்றும் இல்லை.

"ஜெரோம்! ஏய்!"

ஒரு கல் பறந்து வந்து ததேயுஸின் தோளில் விழுந்தது. அடுத்தது காதை உரசிக்கொண்டு போனது. புதருக்குப் பின்னாலிருந்து தாடியும் எலும்புமாக ஓர் உருவம் ஊர்ந்து வெளியே வந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கிக் கறுத்திருந்தது. இரண்டு தென்னை மட்டைகளை வைத்துக் கட்டியிருந்தான். கையில் மூன்றாவது கல்.

"போட்டுட்டுப் போனியேலே! போட்டுட்டுப் போனியே!"

லீமா வள்ளத்திலிருந்து குதித்து இடுப்பளவு தண்ணீரில் ஓடினாள். ஜெரோம் கல்லைக் கீழே போட்டான். அவளை உற்றுப் பார்த்தான். பதினாறு நாள் மழைத்தண்ணீரைக் குடித்து, நண்டும் பறவை முட்டையும் தின்று, தனியாக உட்கார்ந்து, பாறைகளையே பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். யோசிக்க நேரம் கிடைத்திருந்தது.

அவன் கேட்ட முதல் கேள்வி, "இடது தோள் இல்லைதானே?"

"இல்ல," என்றாள் லீமா.

"ஏட்டி..."

"துளைக்குள்ள தெரியணும். துளைக்கு உள்ள."

ஜெரோம் கண்ணை மூடிக்கொண்டான். அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. லீமா அவனுடைய கையை எடுத்துத் தன் தோளில் போட்டுத் தூக்கினாள். ஒரு மூட்டை வலை அளவுக்குக்கூடக் கனமில்லை.

மேற்கே வானம் கறுத்திருந்தது.

வாயை நோக்கித் திரும்பும்போது ததேயுஸ் துடுப்பை நிறுத்தினான்.

"என்ன?" என்றாள் லீமா.

"பேச்சு பேச்சா இருக்கணும். உன் ஆளு கிடைச்சாச்சு. இப்ப என் பெட்டி."

"மழை வருது ஓய்!"

"பத்து நிமிஷம்."

அவன் ஏற்கெனவே வள்ளத்தை நடுத்தண்ணீருக்குக் கொண்டுவந்திருந்தான். துளைக்குள் கூன்பாறை வரும்வரை லீமா நேர் காட்டினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அக்காள் தங்கையை மறைத்து ஒரே பாறையாக ஆனபோது ததேயுஸ் துடுப்பை உள்ளே இழுத்தான். அவனுடைய உண்மையையும் அவர்கள் இப்போது பார்த்துவிட்டார்கள். அவன் அதை மறைக்கவில்லை. கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தான்.

ஐந்து ஆள் ஆழம். இரண்டு தடவை வெறுங்கையோடு வந்தான். மூன்றாம் தடவை தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து, மூச்சு வாங்க, கையிலிருந்ததை வள்ளத்துக்குள் எறிந்தான்.

"இருக்கு! மரம் எல்லாம் மண்ணாப் போச்சு. உள்ள இருந்தது மட்டும் பவளத்தோட ஒண்ணா இறுகிக் கிடக்கு, ஒரு ஆட்டுக்குட்டி அளவு! இரும்பு வளையத்துல கயிறு கட்டிட்டேன். இழு!"

லீமா எறிந்ததை எடுத்துப் பார்த்தாள். முஷ்டி அளவு கட்டி. சுண்ணாம்பு போலப் படிந்திருந்ததைக் கத்தியால் சுரண்டினாள். மஞ்சள். பாம்படம். கீழே இன்னொன்று, குழந்தையின் தோடு. பரங்கி தேசத்து நாணயம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் இந்தக் கரைக் காதுகளில் தொங்கியவை.

"பார்க்கிறதுக்கு நேரமில்ல, இழு!" என்று கத்திக்கொண்டே ததேயுஸ் ஏறினான்.

மூன்று பேரும் இழுத்தார்கள். அசைந்தது. ஓர் ஆள் அளவு மேலே வந்ததும் ததேயுஸ் கயிற்றை வள்ளத்தின் விளிம்பில் முடிச்சுப் போட்டான். அப்போது காற்று அடித்தது. வாயின் வழியாக உள்ளே நுழைந்த அலை வள்ளத்தைத் தூக்கியது. வள்ளம் எழும்பியது, கயிறு எழும்பவில்லை. ஒரு பக்க விளிம்பு அப்படியே தண்ணீருக்குள் போனது.

"கயித்தை விடு!" என்று ஜெரோம் அலறினான்.

"முடிச்சு இறுகிப் போச்சு!"

இரண்டாவது அலை. முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தது. ஜெரோம் ஒற்றைக் காலோடு தண்ணீரை வாரி வாரிக் கொட்டினான்.

லீமா கத்தியை எடுத்தாள். ததேயுஸ் கயிற்றின் மேல் படுத்துக்கொண்டான். "தொடாத! இது என்னுது! நீ சொன்ன பேச்சு!"

"ஆமா, உம்முது," என்றாள் லீமா. கத்தியைத் திருப்பிப் பிடியை அவனிடம் நீட்டினாள். "நீரே அறும். இன்னும் ஒரு அலை பார்ப்பேன். அப்புறம் நான் அறுப்பேன், உம்ம கையோட சேர்த்து."

ததேயுஸ் கத்தியை வாங்கினான். அந்த நிமிஷத்தில் அவன் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். ஜெரோமின் கறுத்த காலைப் பார்த்தான். தூரத்தில், பாறைக்கு மேலே, மழை ஒரு சுவர்போல நடந்து வந்துகொண்டிருந்தது. அன்று வந்த அதே மழை.

கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுக் கயிற்றை அறுத்தான்.

ஏழு தலைமுறை வந்த வழியே கீழே போனது. வள்ளம் துள்ளி நிமிர்ந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. துடுப்பு போட்டார்கள்.

வாயில் படகு நின்றுகொண்டிருந்தது. நிற்கும் என்று லீமா நம்பவில்லை. எஞ்சின் ஓடவில்லை. ரோமான்ஸ் எஞ்சின் அறைக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தான். "பாறைக்கு இழுக்குதுலே! ஸ்டார்ட் பண்ணு! போயிருவோம்னு அப்பவே சொன்னேன்!"

"பம்பு போச்சு, நான் என்ன செய்ய?" என்ற பதில் உள்ளேயிருந்து சாவதானமாக வந்தது.

மூன்று பேரும் ஏறினார்கள். ரோமான்ஸ் ஜெரோமைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். பாறை இப்போது இரண்டு படகு தூரம்தான். சிலுவைதாசன் தலையை நீட்டி ஆட்களை எண்ணினான். மூன்று. பிறகு மடியிலிருந்து ஒரு சின்னப் பித்தளைக் குழாயை எடுத்தான். குனிந்து எதிலோ மாட்டித் திருகினான். எஞ்சின் ஒரே இழுப்பில் உறுமியது.

"வளைடா சக்கரத்தை!" என்று ததேயுஸ் பாய்ந்தான். படகு பாறையின் மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் திரும்பியது.

சிலுவைதாசன் கையைத் துடைத்துக்கொண்டு லீமாவின் கண்ணை முதல்முறையாக நேராகப் பார்த்தான். "போன தடவையும் இது என் கைக்கு எட்டுற இடத்துலதான் இருந்திச்சு மைனி," என்றான்.

ஊர் முழுக்கத் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. செத்தவன் நொண்டிக்கொண்டு இறங்கினான். கரையிலுள்ள சின்னக் குருசடிக் கோயிலின் மணியை யாரோ விடாமல் அடித்தார்கள். ததேயுஸ் கூட்டத்துக்கு நடுவில் நின்று, "சுறா பொய். பயந்து விட்டுட்டு வந்தேன்," என்றான். பிறகு தலையைக் குனியாமலே எல்லோருடைய ஏச்சையும் வாங்கிக்கொண்டான். பாம்படக் கட்டியை நடுவில் வைத்தான். தாலுகா அலுவலகத்திலிருந்து வந்து எழுதி வாங்கிப்போகும் முன்பு ஊர்ப் பெண்கள் எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். தொட்டவர்கள் எல்லோரும் தங்கள் காதையும் ஒருமுறை தொட்டார்கள்.

"மீதி?" என்று ஒருவன் கேட்டான்.

"அங்கேயே கிடக்கு," என்றாள் லீமா. ஏலம் போடுகிற குரலில், கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னாள். "கூன்பாறை துளைப்பாறையோட துளைக்குள்ள தெரியணும்."

கூட்டம் முன்னால் நெருங்கியது.

"அக்காளும் தங்கையும் ஒண்ணாத் தெரியணும்," என்று ததேயுஸ் சொல்லி முடித்தான். "எவனுக்கு வேணுமோ போங்க."

பின்வரிசையிலிருந்து ஓர் ஆள் சிரித்தான். "இதுல எது பொய்யி?"

"எதுவும் இல்ல."

"சரி சரி," என்று அவன் கண்ணடித்தான். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கரையிலிருந்து ஒருவனும் காதறுத்தான் தீவுக்குப் போகவில்லை. உலகத்தில் எவன் உண்மைக் கணிச்சத்தை ஊர் நடுவில் சொல்வான்?

ஜெரோமின் கால் குணமாக மூன்று மாதமானது. ஒருநாள் விடியும் நேரம் சின்ன வள்ளத்தில் தூண்டிலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். லீமா பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்க போறே?"

"உங்கப்பன் பாருக்கு. கல்லு பிடிக்க."

அவள் கீழே கிடந்த ஒரு தூண்டிலை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

"கோயிலுக்கு ரெண்டு கோபுரம் இருக்குல்ல," என்றாள்.

"ஆமா. வலது கோபுரம் மலைப்பிளவுக்கு நேரா வரணும். ஒன்பது வருஷமா..." என்றவன் நிறுத்தினான். மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான்.

"இடது," என்றாள் லீமா.

ஜெரோம் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனான். வெயில் ஏறுவதற்குள் திரும்பினான். வள்ளம் தண்ணீரில் பாதி அமுங்கி வந்தது. விளமீன், கலவாய், கை நீளத்துக்கு மேல் இரண்டு நெய்மீன். ஒவ்வொன்றாக எடுத்து அவள் காலடி மணலில் எறிந்தான். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை கத்தினான்.

"ஒன்பது வருஷம்! ஒன்பது வருஷம், ஏட்டி!"

லீமா உட்கார்ந்து இடுப்புக் கத்தியை எடுத்துப் பெரிய மீனாகப் பார்த்து அறுக்கத் தொடங்கினாள்.